திம்மராயனின் தாடை

பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. மூச்சை அடக்கச் சொல்வது நெஞ்சுப் படத்துக்கு. வாய்க்குள் வைக்கிற சென்சார் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அடக்கிக்கொள்ளட்டும், நமக்கென்ன.

திம்மராயனைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் பல் மருத்துவர்கள், அவர்களுக்கு நான் விளக்க ஒன்றுமில்லை. நடுவில் இருக்கிற வக்கீலம்மாவுக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பல்லில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான் அம்மா. மீதி எலும்புக்குள் இருக்கிறது. இரண்டு பற்களுக்கு நடுவே சொத்தை விழுந்தால் எந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. வேர் நேராக இறங்கியிருக்கிறதா, கொக்கி போல வளைந்திருக்கிறதா, நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா, கடைவாய்ப் பல் முளைக்க இடமில்லாமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு கிடக்கிறதா, இதெல்லாம் படம் எடுத்தால்தான் தெரியும். அதற்காக வருகிறவர்களுக்கெல்லாம் எடுக்க வேண்டும் என்பதில்லை. பல்லைச் சுத்தம் செய்ய வந்தவருக்கு எதற்கு? கர்ப்பிணி என்றால், அவசரமில்லாவிட்டால் பிரசவம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அவசரமென்றால் ஈயக் கவசம் போட்டு எடுக்கலாம், பயமில்லை. வாயைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அதற்கப்புறமும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தால் படம். அவ்வளவுதான் விதி. நான் அந்த விதிப்படிதான் நடந்துகொண்டிருந்தேன்.

என் கிளினிக் ஓசூரில் ராயக்கோட்டை சாலையில் இருக்கிறது. அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர், என்னைப் படிக்க வைத்ததும் ஃபேக்டரிச் சம்பளம்தான். அதனால் யூனிஃபார்மோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு. ஷிஃப்ட் முடிந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி என்று எதில் வலித்தாலும் நான் பதில் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "எக்ஸ்ரே எதுக்கு சார்?" ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் அன்றே கடையை மூடியிருப்பேன்.

திம்மராயன் முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. ராயக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம், தக்காளித் தோட்டம், சொந்தக் கிணறு, நல்ல வசதி. வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. கூட மகன் நவீன்குமார், போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்க வேண்டும் என்றார். ஒரு படம் எடுத்துவிட்டுப் பிடுங்கலாம் என்றேன்.

"படம் எதுக்குங்க டாக்டரே? பல்லு வெளியதான இருக்குது. ஆட்டுனா ஆடுது. புடுங்கி வுட வேண்டியதுதான?"

"வேர் எப்படி இருக்குன்னு தெரியணுங்க. வளைஞ்சிருந்தா உள்ளயே ஒடஞ்சிடும்."

"நாங்க நெதம் செடி புடுங்கறோம். வேருக்குப் படம் புடிச்சுக்கினா புடுங்கறோம்?"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அறைக்கதவு திறந்திருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. வந்தவன் தலையில் மெஷின் விலையைக் கட்டுகிறீர்கள், பல்வலிக்காரன் பாவம் சும்மா விடாது, மாடு வாயைப் பார்த்தே எங்கள் ஊர்க்காரன் வயசு சொல்லுவான் என்று பேசிக்கொண்டே போனார். நான் விளக்கினேன். அது என் தப்பு. எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று பார்க்காமல் விளக்கிக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கம். நவீன்குமார் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'எக்ஸ்ரே டாக்டர்' என்று பெயர் வைத்து, நான் பேசும் இடத்தில் மட்டும் ஒரு கோமாளி இசை போட்டிருந்தான். கம்பெனி பஸ்ஸில் ஏறி ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் போய் வந்தது. காய்கறிக் கடையில் ஒருவர் கத்தரிக்காயை எடுத்து, "இதுக்கும் ஒரு படம் எடுத்துடலாங்களா சார்?" என்றார். நல்ல மனிதர்தான், விளையாட்டாகச் சொன்னார். என் மகளின் பள்ளியில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது.

கிளினிக்கில் கூட்டம் குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் வந்த விதம்தான் தெரிந்தது. உட்காரும்போதே, "எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம் சார்" என்பார்கள். அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிற ஒரு பெண், கன்னம் லேசாக வீங்கி வந்தாள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றேன். எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் கழுத்துவரை வீங்கி, மூச்சுவிட முடியாமல், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அந்தச் செய்தி கேட்ட அன்று நான் யாரிடமும் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். உள்ளே ஏதோ ஒன்று சாய்ந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து, வேண்டாம் என்றவர்களிடம் நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மாமரம் பூக்கிற பருவத்தில் திம்மராயன் திரும்ப வந்தார். இந்தத் தடவை மனைவி செல்வம்மாள் கூட. வேறெங்கோ போய், படம் எடுக்காமலே பல்லைப் பிடுங்க வைத்திருக்கிறார். வேர் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. பிடுங்கின இடம் ஆறவில்லை. போன இடத்தில் ஓசூர் எக்ஸ்ரே டாக்டரிடமே போகச் சொல்லிவிட்டார்களாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செல்வம்மாள்தான் பேசினார்.

"இவுரு வாய்க்கு இவுரே கெட்டாரு சார். மனசுல வெச்சுக்காதீங்க. பாருங்க, கீழ் உதடுகூட மரத்துப்போன மாதிரி இருக்குதாம். டீ குடிச்சா ஒழுகறதுகூடத் தெரியல."

உதடு மரத்திருக்கிறது என்றதும் பல் மருத்துவர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். நானும் அன்று நிமிர்ந்தேன். வக்கீலம்மாவுக்குச் சொல்கிறேன்: கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, உதட்டுக்கு உணர்ச்சி தருவது அதுதான். காரணமில்லாமல் அது மரத்தால், ஏதோ ஒன்று உள்ளே அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

"படம் எடுக்கட்டுங்களா?" என்றேன்.

"எடுங்க சாமி," என்றார் திம்மராயன். மூச்சை அடக்கிக்கொண்டார்.

திரையில் வேர்த்துண்டு தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே எலும்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு. சாதாரணச் சீழ் என்றால் வட்டமாக, ஓரம் தீட்டிய மாதிரி இருக்கும். இதற்கு ஓரமே இல்லை. கரையான் அரித்த பலகை போல, எங்கே நோய் முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் கலைந்து கிடந்தது. மாணவனாக இருந்தபோது பரீட்சைக்கு இப்படி ஒரு படத்தைக் காட்டுவார்கள். தெரியாதவன் தோற்றுப்போவான். நான் அதில் தோற்றதில்லை.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். விரலால் தொட்டுக் காட்டினேன். "இதோ பாருங்க, இதுதான் ஒடிஞ்ச வேர். எடுத்துடலாம்."

உண்மையைத்தான் சொன்னேன். அங்கே ஒரு வேர் ஒடிந்துதான் கிடந்தது.

"உதடு மரத்தது?" என்றார் செல்வம்மாள்.

"நரம்புக்குப் பக்கத்துல வேர் இருந்தா சில பேருக்கு அப்படி இருக்கும்மா." அதுவும் புத்தகத்தில் உள்ள விஷயம்தான்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று கேட்பீர்கள். பழிவாங்கும் எண்ணம் என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தால் என்னென்ன நடக்கும் என்பது மட்டும் கண்முன் வந்தது. இது புற்றுக்கட்டியாக இருக்கலாம், சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும், பெங்களூர் போக வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பேன். அவர் ஏன் என்பார். நான் விளக்குவேன். இன்னும் பெரிய மெஷினுக்கு அனுப்புகிறாயா என்பார். நான் மறுபடி விளக்குவேன். யார் கையிலாவது ஃபோன் இருக்கும். அந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. ஒன்றைக்கூட வெளியே தள்ள என்னால் முடியவில்லை. வேரை எடுக்க வந்தார். வேரை எடுத்தேன். நன்றாகத்தான் எடுத்தேன்.

அந்த வாரமே நவீன்குமார் இரண்டாவது வீடியோ போட்டான். அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, தெரியாமல் பேசிவிட்டோம், எக்ஸ்ரே எடுத்ததால்தான் வேர் இருப்பதே தெரிந்தது, ஆனந்த் டாக்டர் மாதிரி மனிதர் கிடைக்க மாட்டார் என்று கைகூப்பினான். அது முதல் வீடியோவைவிட அதிகம் சுற்றியது. ஜனங்கள் வந்தார்கள். உட்காரும்போதே, "எக்ஸ்ரே எடுத்துடுங்க சார்" என்றார்கள், தேவையில்லாதவர்கள்கூட. காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புண் ஆறவில்லை. திம்மராயன் அடிக்கடி வந்தார். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வாய் கொப்பளிக்க மருந்து. எலும்பு ஆற நாளாகும் என்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்தேன். அதற்கு அவரிடம் காசு வாங்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் அவருக்குத் தேவையாக இருக்கவில்லை, எனக்குத் தேவையாக இருந்தது. ஒருவேளை சுருங்கியிருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் படங்களைத் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன். கறுப்பு முன்பக்கம் நகர்ந்தது. அடுத்த பல்லின் வேரைச் சுற்றிக்கொண்டது. கீழே நரம்புக் குழாயின் கோட்டை அழித்தது. இவ்வளவு வருஷத் தொழிலில் ஒரு வளர்ச்சியை இத்தனை நிதானமாக, தொடக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் முன்னாலேயே ஏதாவது செய்திருப்பார்கள்.

என்னிடம் மோகனப்ரியா என்று ஒரு பெண் ஜூனியராக இருந்தாள். படிப்பு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் நான் மூடி வைப்பதற்குள் திம்மராயனின் படத்தைத் திரையில் பார்த்துவிட்டாள்.

"சார், இது ஆறாத புண்ணு மாதிரி தெரியலையே. ஓரமே இல்ல. தாடையும் வீங்குது. பயாப்ஸிக்கு அனுப்பிடலாமா?"

"பார்த்துட்டுதாம்மா இருக்கேன்."

"பார்த்துட்டே இருந்தா எப்படி சார்?"

அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். பெங்களூருக்கு அனுப்பியாச்சு, அங்கே பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாவம், சின்னப் பெண், அவளை எதற்கு வருத்த வேண்டும். அதன் பிறகு திம்மராயனை அவள் விடுமுறை எடுக்கும் வியாழக்கிழமைகளில் வரச் சொன்னேன். கல்யாணம் ஆகி அவள் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள். அங்கே திம்மராயனின் சாவுச் செய்தி காதில் விழுந்து, பெங்களூர் போனது எப்போது என்று விசாரித்து, உங்களுக்குப் புகார் எழுதியவள் அவள்தான் என்று நினைக்கிறேன். நல்ல மருத்துவராக வருவாள். அவள்மீது எனக்கு வருத்தமில்லை.

மாம்பழக் காலத்தில் ஒரு வியாழக்கிழமை, திம்மராயன் ஒரு பெட்டி நிறையப் பழம் கொண்டுவந்தார். அவரே தூக்கிக்கொண்டு படியேறி வந்து மூச்சு வாங்கினார். இடது தாடை நன்றாகப் புடைத்திருந்தது. உடம்பு இளைத்து, வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்றியிருந்தார். வெற்றிலையை எப்போதோ விட்டிருந்தார்.

"நானு இத சாப்புட முடியாது சார். கடிச்சா பல்லெல்லாம் ஆடுது. நீங்க சாப்புடுங்க." பெட்டியை என் மேஜைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். "அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி உங்கள அப்பிடி பேசியிருக்கக் கூடாது. வூட்டுல படுத்தா அதுதான் ஞாபகம் வருது. அந்தப் பாவந்தான் இப்பிடி வாயிலயே வந்து உக்காந்துகினு இருக்குது."

"அப்படியெல்லாம் எதுவும் இல்லீங்க," என்றேன்.

"உங்க கையில சரியாயிடும்னு நம்பிக்கை இருக்குது சார். பையன் பெங்களூர்ல காட்டலாங்கறான். நாந்தான், எனக்கு எங்க டாக்டர் போதும்டான்னு சொல்லிட்டேன்."

மருந்துச்சீட்டு என் கையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அப்போதும் நேரம் முழுதாகப் போய்விடவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். தாடையில் பாதியை எடுத்திருப்பார்கள், ஆள் இருந்திருப்பார். ஆனால் அன்று அனுப்பினால், முதல் நாள் ஏன் அனுப்பவில்லை என்று பெங்களூரில் கேட்பார்கள். அவர் என்னிடம் வந்து அதைக் கேட்பார், அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே குரலில். அவர் திட்டினால் தாங்கியிருப்பேன். அவர் திட்ட மாட்டார். எனக்கு மிகவும் அசதியாக இருந்தது.

"வலி மாத்திரையை மாத்தி எழுதித் தரேன்," என்றேன். "இது கொஞ்சம் நல்லா கேக்கும்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பழம் நன்றாக இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

பிறகு ரத்தம் வர ஆரம்பித்தது. நவீன்குமார் அவரைக் கேட்காமலே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்விட்டான். நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். அறுக்க ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். தை பிறக்கும் முன்பே போய்விட்டார்.

ஆமாம். முதல் நாளே தெரியும். சந்தேகம்கூட இல்லை, தெரியும். நீங்கள் கேட்க நினைப்பது அதுதான் என்றால், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் படியேறி வந்த ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் உட்கார வைத்தேன்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தோட்டத்தை ஒட்டிய வீடு, வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் இறங்கியதும் ஊர்க்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள், "டாக்டர் வந்துட்டாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நவீன்குமார் ஓடிவந்து நாற்காலி போட்டான். அவன் கண்ணில் என்மேல் ஒரு சின்ன சந்தேகமாவது இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. கடைசி வரைக்கும் அப்பா உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் சார் என்றான்.

செல்வம்மாள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. அருகில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். பெங்களூர்ல கேட்டேன், அவுங்க ஒண்ணும் சொல்லாம போய்ட்டாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவுரு பொழச்சிருப்பாருங்களா? நாங்கதான் உங்களச் சரியா வந்து பாக்காம வுட்டுட்டமா? வெத்தலய நான் தடுத்திருக்கணுமா?"

"இல்லம்மா," என்றேன். "இது முன்னாடியே தெரியற வியாதியே இல்ல. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க."

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் அழுதார். ரொம்ப நேரம் விடவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அந்த அம்மாவின் மனசு ஆறட்டும் என்று.